முடிவு மாறும் நாடகங்களும் அரங்க ஒளிநிரலும்

முன்னுரை

நாடகம் கண்ணுக்குரிய கலை. கண்ணாற் காணப்படுவது எதுவாயினும் ஒளியின்றிப் புலனாகாது. ஆகலின், நாடக வரலாற்றை ஆராயப் புகுவோர் அரங்கொளியின் வரலாற்றையும் உடன்வைத்து ஆராய்தல் கடன். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என வரையறுத்துக் கூறிய இளங்கோவடிகள், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கினை நிறுத்த வேண்டும் என்பதனையும் மறவாது கூறினார்.

அவ்விளக்கு ஒரு நிலையில் நின்று எரிந்தது. இன்றைய அரங்கிலோ ஒரு நாடகத்தின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே ஒளி பன்முறை மாறுகின்றது. அம்மாற்றங்கள் யாவும் முன்னரே வரையறுக்கப்பெற்று வரிசைப்படுத்தப்படுகின்றன. வரிசை என்றதனானே அடுத்து வருவது இன்னதென்று அறிந்திருத்தல் பெறப்படும். அங்ஙனமாயின், ஒவ்வோர் இரவும் முடிவு மாறுபடும் நாடகத்திற்கு, நடிப்போரும் முன்னறியாத முடிவிற்கு, ஒளியின் வரிசையை எவ்வாறு அமைப்பது? இவ்வினாவை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறி அரங்கிற்கு வந்த பின்னரே முடிவு மாறும் நாடகங்கள் இயலுவனவாயின என்று கருதுவாருமுளர். அக்கருத்து ஆண்டு வரிசைக்கும் அரங்க வழக்கிற்கும் ஒவ்வாது என்பது கீழே காட்டப்பெறும்.

1. ஒளிக்குறிப்பு

மேடையில் ஓர் ஒளிநிலையிலிருந்து மற்றோர் ஒளிநிலைக்கு மாறுவதற்குரிய ஆணையை ஒளிக்குறிப்பு எனலாம். அரங்கத்தார் இதனைக் 'கியூ' என்று வழங்குவர். ஒவ்வொரு குறிப்பிற்கும் ஓர் எண் உண்டு. எந்த விளக்கு எவ்வளவு ஒளியுடன் எரிதல் வேண்டும், அம்மாற்றம் எத்துணை நொடியில் நிகழ்தல் வேண்டும் என்பன அதனுள் அடங்கும். நடிகர் ஒரு சொல்லை முடிக்கும்போதோ, கதவைத் திறக்கும்போதோ மேடை மேலாளர் அவ்வெண்ணைக் கூறி ஆணையிடுவார். பலகையில் அமர்ந்திருப்பவர் அதனை நிறைவேற்றுவார்.

இக்குறிப்புகளின் முழுத் தொகுதியே ஒளிநிரல். நாடக ஆசிரியர் எழுதிய உரையாடலுக்கு இணையாக ஓடும் மற்றொரு பாடம் இது. அச்சிட்ட நாடக நூலில் இப்பாடம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும், அவையோர் கண்டது இதனாலேயே கண்டது என்பதனை மறத்தலாகாது.

2. கைவினைக் காலம்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் லைசியம், டுரூரி லேன் ஆகிய அரங்குகள் மேடைக்கு வாயு விளக்கினைக் கொண்டன. மெழுகுதிரியும் நெய்விளக்கும் எரிந்த காலத்தில் ஒளியைக் குறைத்தல் எளிதன்று. வாயுக் குழாய்களோ ஓரிடத்தில் ஒருங்கே சேர்க்கப்பட்டமையால், ஒருவர் அங்கிருந்தே மேடையின் பல பகுதிகளையும் மங்கச் செய்யவும் ஒளிரச் செய்யவும் கூடுவதாயிற்று. ஒளிக்கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னோடி இவ்வாயு மேசையே. 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் சவாய் அரங்கின் மேடை மின்னொளி பெற்றது. பின்னர் மின்தடைக் கருவிகள் வாயுத் திருகுகளின் இடத்தைப் பெற்றன.

அமெரிக்க நாட்டில், நியூயார்க் நகரத்துப் பிராட்வே அரங்குகளில் இத்தகைய கருவிகள் பெரிய மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு வந்தன. நிமிர்ந்து நிற்கும் பியானோவை ஒத்திருந்தமையால் அவற்றைப் 'பியானோ பலகை' என்றனர். ஒவ்வொரு பெட்டியிலும் கைப்பிடிகள் பல. ஒரு குறிப்பு வந்தவுடன் பணியாளர் பலர் கையாலும், சிற்சில வேளைகளில் முழங்காலாலும் அவற்றை ஒருசேர அசைத்தனர். அசைக்கப்படாத கைப்பிடி முன்னிருந்த நிலையிலேயே நிற்கும். ஆகவே, அவர்தம் தாளில் மாறுவன மட்டுமே எழுதப்பட்டன, மாறாதன எழுதப்படவில்லை. இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

கைவினைக் காலத்தின் தனிச்சிறப்பு யாது? இயக்குவோன் அடுத்து வருவதனைக் கண்டு செயற்படலாம். 1935ஆம் ஆண்டில் இலண்டனில் பிரெடெரிக் பெந்தாம் என்பார் அமைத்த ஒளிப்பலகை, தேவாலயங்களில் உள்ள ஆர்கன் எனும் இசைக்கருவியின் விசைப்பலகையைத் தழுவியது. இசைவாணன் இசைப்பது போல ஒளியையும் அப்பொழுதைக்கப்பொழுது 'இசைக்க' வேண்டும் என்பது அவர் கருத்து. ஒளி மனப்பாடமாக ஒப்பிக்கப்படுவதன்று, உடனிருந்து வாசிக்கப்படுவது என்னும் கொள்கை அதில் அடங்கிக் கிடக்கின்றது.

3. முடிவு மாறும் நாடகங்களின் தோற்றம்

அதே 1935ஆம் ஆண்டின் செப்டம்பர்த் திங்களில் பிராட்வேயின் அம்பாசடர் அரங்கில் அயன் ராண்ட் எழுதிய 'நைட் ஆப் ஜனவரி சிக்ஸ்டீன்த்' எனும் நாடகம் மேடையேறியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆலிவுட் நகரில் வேறு பெயரில் அது நடிக்கப்பட்டிருந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பெற்ற ஒரு பெண்ணின் வழக்கே அந்நாடகத்தின் பொருள். அவையினின்று பன்னிருவர் நடுவராக மேடைக்கு அழைக்கப்பெற்றனர். குற்றவாளி என்றோ அல்லள் என்றோ அவர்கள் தரும் தீர்ப்பிற்கேற்ப இருவேறு சிறு முடிவுகளுள் ஒன்று நடிக்கப்பட்டது.

நாடகம் முழுவதும் ஒரே நீதிமன்றத்தில் நிகழ்வதாகலின், தீர்ப்பு எதுவாயினும் அடிப்படை ஒளி ஒன்றே போதும். ஒளியமைப்போனின் சிக்கலை நாடக ஆசிரியரின் களத்தேர்வே தீர்த்துவிட்டது. கணிப்பொறி பிராட்வே அரங்கில் நுழைவதற்கு 40 ஆண்டுகள் முன்னரே முடிவு மாறும் நாடகம் வெற்றியுடன் நடந்தது என்பது இதனால் தெளிவாகும்.

1963ஆம் ஆண்டில் பவுல் பேர்ட்னர் என்பார் செருமானிய மொழியில் எழுதிய 'ஷேரன்ஷ்னிட்' எனும் நாடகத்திலும் அவையோர் கொலையாளி யார் எனத் தேர்ந்தனர். அதன் வழிவந்த 'ஷியர் மேட்னஸ்' 1980ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் தொடங்கி நெடுங்காலம் நடிக்கப்பட்டது. அதுவும் ஒரே முடிதிருத்தகத்தில் நிகழும் கதையே.

திரைப்படத் துறையினின்றும் ஒரு சான்று காட்டலாம். 1967ஆம் ஆண்டில் மாண்ட்ரியால் உலகப் பொருட்காட்சியில் செக்கோசுலோவாக்கிய நாட்டார் 'கினோஆட்டமாட்' எனும் காட்சியை நிகழ்த்தினர். அதனை அமைத்தவர் ராடூஸ் சின்செரா. படம் இடையிடையே நிறுத்தப்படும். அறிவிப்பாளர் மேடையில் தோன்றி, கதைத்தலைவன் இனி என் செய்தல் வேண்டும் என வினவுவார். அவையோர் பொத்தானை அழுத்தி விடை கூறுவர். காண்போர் கதை எண்ணற்ற கிளைகளாகப் பிரிவதாக எண்ணினர். உண்மை வேறு. எவ்வழியைத் தேர்ந்தாலும் அடுத்த வினாவிடத்தில் இரு வழிகளும் மீண்டும் ஒன்றாகக் கூடின. அதனாலேயே இணையாக ஓடிய இரு திரைக்கருவிகள் போதுமானவையாயின. பிரிந்து கூடுதல் எனும் இவ்வமைப்பே பின்வரும் ஆய்வுக்கு அடித்தளமாகும்.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரில் ஆலன் ஐக்போர்ன் இவ்விரு போக்குகளையும் தனித்தனியே சோதித்தார். 1979ஆம் ஆண்டின் 'சிஸ்டர்லி பீலிங்ஸ்' நாடகத்தில் முதற்காட்சியும் இறுதிக்காட்சியும் பொது, நடுக்காட்சிகளே மாறும், முதல் மாற்றத்தை நாணயச் சுண்டல் முடிவு செய்யும். இது பிரிந்து கூடுவது. 1982ஆம் ஆண்டில் தொடங்கிய 'இண்டிமேட் எக்ஸ்சேஞ்சஸ்' நாடகத்திலோ ஒரு பெண் சிகரெட்டைப் புகைப்பதா வேண்டாவா என்னும் சிறு தேர்வு இரண்டாகவும், பின் நான்காகவும், எட்டாகவும், முடிவில் பதினாறாகவும் விரியும். இது பிரிந்து கூடாதது. இங்குத் தேர்வோர் அவையோர் அல்லர். எட்டு நாடகங்களாக அமைத்து, இன்ன இரவில் இன்னது என அறிவித்து நடத்தினமையால் அவ்விரிவு கைக்குள் அடங்கியது.

4. நினைவுப் பலகை

இனி, ஒளியை நினைவில் வைக்கும் கருவியின் வரலாற்றைக் காண்போம். 1947ஆம் ஆண்டில் ஏல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனார் மின்னணுக் குழல்களால் இயங்கும் கட்டுப்பாட்டு முறையை அமைத்தார். வரவிருக்கும் ஒளிநிலைகளை முன்னரே அமைத்து வைத்து, ஒருவரே அவற்றை அடுத்தடுத்துக் கொணரும் வழி அதனால் பிறந்தது. ஆயினும் பிராட்வே அரங்குகள் பியானோ பலகையை நெடுங்காலம் விடவில்லை.

1975ஆம் ஆண்டில் 'எ கோரஸ் லைன்' எனும் இசைநாடகம் ஷூபர்ட் அரங்கிற்கு வந்தபோது, அதன் ஒளியமைப்பாளர் தாரன் மஸ்ஸர் அம்மையார் கணிப்பொறி நினைவுடைய எல்.எஸ். 8 எனும் பலகையைப் பயன்படுத்தினார். பிராட்வேயில் அத்தகைய பலகை இடம்பெற்றது அதுவே முதன்முறை. அந்நாடகம் 1990ஆம் ஆண்டு வரை 6,137 முறை நடிக்கப்பட்டது. முதல் நாள் அமைத்த ஒளி பன்னூறு நாள் கழிந்தும் பிறழாது வருதலே அக்கருவியின் பெரும்பேறு எனப் போற்றப்பட்டது.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. குழு ஆட்டத்திற்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியே 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் கதை. பயிற்சிக் காலத்தில், இறுதியில் தேர்வு பெறுவோர் நாள்தோறும் மாறினர் என்றும், அதனால் நடிகர் முகத்தில் தோன்றிய வியப்பும் ஏமாற்றமும் உண்மையாகவே இருந்தன என்றும் அந்நாடக வரலாறு கூறுவோர் குறிப்பர். தேர்வு பெற்றோர் யாவர் என்பது இறுதி வரை தெரியாதாகலின், நிறைவு ஆட்டத்திற்குரிய உடைகளை அந்நொடியில் ஆயத்தம் செய்தல் உடைப்பணியாளர்க்கு அரிதாயிற்று. அவர்கள் மறுத்தனர், முடிவும் நிலைபெற்றது.

இதனால் அறியப்படுவது யாது? பிராட்வே மேடைக்கு நினைவுப் பலகையைக் கொணர்ந்த நாடகமே மாறும் முடிவினைக் கைவிட்ட நாடகமாகும். கருவி வந்தது; மாற்றம் வரவில்லை. முடிவு மாறுதலின் சுமை உடை எடுத்துத் தருவோர் தோளில் விழுந்தது. அச்சுமையை அவர்கள் தாங்க இயலாதபோது கலைக்கொள்கையும் மாறியது. நாடக வரலாற்றை ஆசிரியர், நடிகர் என்னும் இருவர் வரலாறாகவே எழுதுவோர் இவ்விடத்தில் நின்று எண்ணுதல் நன்று.

5. 'டுரூட்' நாடகமும் எண்ணிக்கைச் சிக்கலும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1870ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் மறைந்தபோது 'தி மிஸ்டரி ஆப் எட்வின் டுரூட்' எனும் புதினம் முற்றுப்பெறாமல் நின்றது. பன்னிரு பகுதிகளாகத் திட்டமிட்ட அதன் ஆறு பகுதிகளே வெளிவந்தன. கொலை நிகழ்ந்ததா, நிகழ்ந்ததேல் செய்தவர் யார் என்பதனை ஆசிரியர் தம்முடனே கொண்டு சென்றார். ரூபர்ட் ஹோம்ஸ் இதற்குக் கதையமைப்பும் பாடலும் இசையும் தாமே இயற்றி இசைநாடகமாக்கினார். 1985ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நடுவண் பூங்காவின் திறந்தவெளி அரங்கிலும், டிசம்பர் 2ஆம் நாள் முதல் இம்பீரியல் அரங்கிலும் அது நடிக்கப்பட்டது. ஒளியமைத்தவர் பால் காலோ.

டிக்கன்ஸின் எழுதுகோல் நின்ற இடத்தில் நாடகமும் நின்றுவிடும். மாறுவேடத்தில் வந்த துப்பறிவோர் யார், கொலையாளி யார், இறுதியில் இணையும் காதலர் யாவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் அவையோர் விடை தருவர். ஒவ்வொரு விடைக்கும் உரிய பாடலும் காட்சியும் முன்னரே எழுதப்பட்டுள்ளன.

ஒளியமைப்போன் முன் நிற்கும் சிக்கலை ஒரு கணக்கால் விளக்கலாம். முதல் வினாவிற்கு 5 விடை, இரண்டாவதற்கு 6, மூன்றாவதற்கு 8 எனக் கொள்வோம். இவற்றைப் பெருக்கினால் 240 முழு முடிவுகள் வரும். ஒவ்வொரு விடைக்காட்சிக்கும் 10 குறிப்புகள் எனின், மூன்று காட்சியுடைய ஒரு முடிவிற்கு 30 குறிப்பாக 7,200 குறிப்புகளை எழுத வேண்டியிருக்கும். இஃது இயலாத செயல். ஆனால், ஒவ்வொரு வினாவின் முடிவிலும் கதை பொதுக்காட்சிக்கு மீளுமாயின் பெருக்கல் கூட்டலாகிவிடும். 5, 6, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 19, குறிப்புகள் 190. கினோஆட்டமாட்டின் மறைபொருளும் ஐக்போர்னின் முதற் சோதனையும் இக்கூட்டலைச் சார்ந்தனவே. இதனை நல்கியது கருவி அன்று. நாடக ஆசிரியரின் கட்டமைப்பே என்க.

6. ஒளிநிரல் அமைக்கும் முறை

கிளைக்கும் நாடகத்திற்கு இன்று ஒளிநிரல் அமைப்போர் கொள்ளும் நெறிகளுள் தலையாயன நான்கு.

முதலாவது, எண்ணிடுதல். பொதுக்காட்சிகளுக்கு 200 வரையுள்ள எண்களும், ஒருவர் கொலையாளியாயின் 301 முதலும், மற்றொருவராயின் 401 முதலும், கூடுமிடத்திற்கு 900 முதலும் எனத் தொகுதி பிரிப்பர். மேடை மேலாளர் 'அடுத்தது' என்று கூறின் பிழை நேரும். எண்ணையே கூறுதல் வேண்டும். இயக்குவோர் அவ்வெண்ணைத் திரும்பக் கூறி உறுதி செய்த பின்னரே ஆணைக்குக் காத்திருப்பர்.

இரண்டாவது, எச்சம் களைதல். பியானோ பலகைக் காலத்தில் மாறுவன மட்டுமே எழுதப்பட்டன என மேலே கூறினோம். இக்காலக் கணிப்பொறிப் பலகைகள் பலவும் அம்மரபினையே பின்பற்றுகின்றன. மாற்றங்களை மட்டும் பதிந்து, ஏனையவற்றை வரிசையில் முன்னுள்ள குறிப்பினின்று பெற்றுக்கொள்ளும். நேர்வரிசையில் செல்லும் நாடகத்திற்கு இது பெருநன்மை. கிளைக்கும் நாடகத்திற்கோ இதுவே பகை. 200ஆம் குறிப்பினின்று 401க்குத் தாவினால், இடையில் நடிக்கப்படாத 301 முதலியவற்றின் ஒளியும் எச்சமாக வந்து சேரும். நிகழாத முடிவின் நிழல் நிகழ்ந்த முடிவின்மேல் விழும். அதனைத் தவிர்க்க, ஒவ்வொரு கிளையின் தலைக்குறிப்பிலும் கூடுமிடத்தின் முதற்குறிப்பிலும் எல்லா விளக்கின் நிலையையும் முழுமையாக எழுதி, முன்னையது உட்புகாதவாறு தடுப்பர். இதனைப் 'பிளாக்' என்பது அத்துறையோர் வழக்கு.

மூன்றாவது, முன்திருப்புதல். 1981ஆம் ஆண்டில் ஜெனிசிஸ் இசைக்குழுவின் பயணத்தில் வாரிலைட் எனும் தானே திரும்பும் விளக்குகள் புகழ்பெற்றன. நாடகமேடையிலும் பின்னர் அத்தகையன இடம்பெற்றன. அவ்விளக்கு எரியும்போது திரும்பினால் அவையோர் கண் அங்கே ஓடும். ஆகவே, அணைந்திருக்கும்போதே அடுத்த இடம் நோக்கித் திருப்பி வைத்தல் வேண்டும். அடுத்த இடம் தெரியாத நாடகத்தில் எங்குத் திருப்புவது? வாக்கு எண்ணி முடிந்த நொடிக்கும் வெற்றி பெற்றோர் தோன்றும் நொடிக்கும் இடையே சில நொடிகள் வேண்டும். அறிவிப்பாளரின் நகைச்சுவைப் பேச்சோ, ஓர் இசைத்துணுக்கோ அந்நேரத்தை ஈட்டித்தரும். அவையோர் நகைக்கும் அவ்விடைவெளியில் மேலே இருளில் விளக்குகள் திரும்பிக்கொண்டிருக்கும்.

நான்காவது, அரிய முடிவைப் பேணுதல். மக்கள் விரும்பும் சில பாத்திரங்களே அடிக்கடி தேர்வு பெறும். சில முடிவுகள் பன்னாள் வாராது. வாராத முடிவு மறக்கப்படும். பின்தொடர் விளக்கை இயக்குவோர்க்கும் அதற்குரிய தாள் தனியே இருத்தல் வேண்டும். அதனைப் பயிற்சியில் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்த்தலே பிழை நீக்கும் வழி. கணிப்பொறி மறவாது, மனிதர் மறப்பர்.

7. பாடமும் பாடவேறுபாடும்

இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நமக்கு இச்செய்திகளால் விளையும் பயன் யாது என வினவலாம். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பாகத் தருவர். அங்கு மூலபாடம் ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை நம்மை வழிநடத்துகின்றது. முடிவு மாறும் நாடகத்திலோ வேறுபாடுகள் அனைத்தும் ஆசிரியராலேயே மூலமாக எழுதப்பட்டவை. ஆயினும் ஓரிரவில் அரங்கேறுவது ஒன்றே. ஏனையவை ஒளிநிரலில் எண்ணாக மட்டும் உறங்கும். அவற்றையும் அறிந்தாலன்றி அந்நாடகத்தை முழுதும் அறிந்தவராகோம்.

இங்குதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. கையால் எழுதிய குறிப்புத்தாள் தாளாக நிற்கும்வரை எவரும் படிக்கலாம். பலகையின் நினைவில் பதிந்ததோ அப்பலகை வழக்கொழிந்தபோது படிப்பாரற்றுப் போகின்றது. 1986ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். 512 எனும் பொதுவிதி, பலகைக்கும் விளக்கிற்கும் இடையே ஒரு பொதுமொழியைத் தந்தது. 512 தடங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை அளவு என்பது அதன் அமைப்பு. எனினும், குறிப்புகளைச் சேமிக்கும் வடிவத்தை அஃது ஒருமைப்படுத்தவில்லை. செல்லரித்த ஏட்டிற்கும் படிக்க இயலாத வட்டிற்கும் வேற்றுமை சிறிதே. நியூயார்க் பொதுநூலகம் 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் ஒளியமைப்புத் தாள்களைப் பேணி வருவது போல ஏனைய நாடகங்களின் தாள்களும் பேணப்படுதல் வேண்டும். நேர்வரிசை நாடகத்தின் ஒளியை நேரிற் கண்டவர் நினைவினின்று ஒருவாறு மீட்டமைக்கலாம். கிளைக்கும் நாடகத்தில் எவரும் காணாத முடிவும் உண்டாகலின், தாள் அழிந்தால் அம்முடிவிற்குச் சான்றே இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முடிவு மாறும் நாடகம் நினைவுப் பலகைக்கு முந்தியது. 1935ஆம் ஆண்டின் நாடகமும் 1975ஆம் ஆண்டின் பலகையும் இதற்குச் சான்று. பிரிந்து கூடும் கதைக்கட்டமைப்பே ஒளிநிரலை மனித ஆற்றலுக்குள் அடக்கியது. ஒன்றையே பிறழாது திரும்பச் செய்தற்கென எழுந்த கருவியை வேறு வேறு செய்தற்குப் பழக்கியவர்கள் மேடைக்குப் பின்னின்று பணிபுரிவோரே.

அவையோர் கையுயர்த்திக் கொலையாளியைத் தேர்கின்றனர்; தாமே கதையை முடித்ததாக மகிழ்கின்றனர். அவ்வுரிமை மெய்யே. ஆயினும், எம்முடிவைத் தேர்ந்தாலும் அம்முடிவின்மேல் ஒளி விழுமாறு ஒருவர் முன்னரே எழுதி வைத்திருந்தார் என்பதும் மெய்யே. தேர்வு பெறாத முடிவுகளுக்கும் அவர் அதே கருத்துடன் ஒளியமைத்தார். காணப்படாமலே போகக்கூடும் என்று அறிந்தும் செய்த அவ்வுழைப்பினை நாடக வரலாறு தன் ஏட்டில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.